பந்தயச் சிறுவண்டியும் அதனைத் திருத்துவோரும்

வானொலி அலையின் துணையால் தொலைவில் நின்று செலுத்தப்படும் சிறு பந்தய வண்டியைக் குறித்து ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். விளையாட்டுக் கருவியொன்றைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் எழுதுவது தகுமோ என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். அவ்வண்டியை ஒருமுறையேனும் திருகாணி திருகாணியாய்க் கழற்றி, மணலைத் துடைத்து, மீண்டும் பூட்டி, இறுதியில் ஒரு திருகாணி மேசைமீது மிஞ்சியிருக்கக் கண்டு திகைத்தவர் அங்ஙனம் வினவார்.

நம்மிடம் இருப்பது ஜப்பான் தேசத்து ஷிஸுவோகா நகரத்து டமியா நிறுவனத்தாரின் கிராஸ்ஹாப்பர் என்னும் வண்டி. அஃது 1984ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. பின்னர் 2005இல் மீண்டும் வெளியிடப்பட்டது. நம்முடையது மறுபதிப்பே. உண்மையான வண்டியின் அளவில் பத்தில் ஒரு பங்காக அமைந்த இது, வெட்டுக்கிளி என்னும் தன் பெயருக்கேற்பத் துள்ளித் துள்ளியே ஓடும். துள்ளுவதன் காரணத்தைச் சற்று ஆராய்தல் வேண்டும். ஏனெனில் நம் வாதம் அதனையே பற்றி நிற்கின்றது.

இவ்வண்டியின் பின்புறத்தில் மோட்டாரும் கியர்ப்பெட்டியும் அச்சும் ஒரே கட்டாகப் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு சக்கரம் கல்லின்மீது ஏறினால் அக்கட்டு முழுவதும் உடன் அசைகின்றது. அதனைத் தாங்கும் ஸ்பிரிங்குகளை அடக்கி ஆள எண்ணெய் இல்லை. ஸ்பிரிங் என்பது தான் வாங்கிய அதிர்ச்சியைச் சேமித்து வைத்து மறுகணமே திருப்பிக் கொடுப்பது. அதனைச் செலவழித்துத் தீர்ப்பது எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரின் தொழில். உள்ளே சிறு துளைகளையுடைய தட்டொன்று எண்ணெயைக் கடந்து மேலும் கீழும் செல்லுங்கால், அவ்வெண்ணெயின் தடையினால் துள்ளல் வெப்பமாக மாறி ஒழிகின்றது. அதே 1984இல் வெளிவந்த ஹார்னெட் என்னும் உடன்பிறப்புக்குப் பின்புறத்தில் எண்ணெய்த் தாங்கியும், 540 என்னும் அளவினதாகிய பெரிய மோட்டாரும் கொடுத்தனர். கிராஸ்ஹாப்பருக்கோ 380 என்னும் சிறிய மோட்டாரே. செய்தவர் அறியாது செய்தாரல்லர். துள்ளும் வண்டிக்கு மெல்லிய மோட்டாரே ஏற்றது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே கருதுகின்றோம்.

நிற்க. இரண்டாண்டுகட்கு முன் நம் மாணவ நண்பர் இருவர் இவ்வண்டியின் வேகம் போதாதென்று நம்மிடம் முறையிட்டனர். கியர்ப்பெட்டியில் 540 மோட்டாரையும் பொருத்த இயலும் என்பது உண்மையே. ஆகவே ஒரு மாலைப்பொழுதில், வேறொன்றையும் மாற்றாமல், வலிய மோட்டார் ஒன்றும் லித்தியம் பாலிமர் பாட்டரி ஒன்றும் பூட்டப்பட்டன. நாமும் அருகிருந்து திருகாணி எடுத்துக் கொடுத்தோம். வண்டி முதலில் முன்சக்கரங்களைத் தூக்கி மல்லாந்தது. பின்பு ஓடியது, ஓடியது என்பதினும் குதித்தது என்பதே பொருந்தும். கால்மணி நேரத்தில் கியர்ப்பெட்டியினின்று கரகரவென்று ஓசை எழுந்தது. திறந்து பார்த்தபோது பற்கள் சில உதிர்ந்து மசகுக்குள் கிடந்தன.

அவ்வளவோடு நின்றிருந்தால் நன்று. நம் வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பழைய வகையினது. பாட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் ஓட்டத்தை நிறுத்தும் ஏற்பாடு அதில் இல்லை. நிக்கல் பாட்டரிக்கு அக்குறை பெரிதன்று. லித்தியம் பாட்டரியிலோ ஒவ்வோர் அறையும் முழுமையாக ஏற்றியபோது 4.2 வோல்ட் இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவே கூடாது. நாம் அதனை அளந்து பார்த்திலோம். மறுநாள் காலையில் அப்பாட்டரி பூரியைப்போல் உப்பியிருந்தது. உப்பிய பாட்டரியை மீண்டும் சார்ஜரில் மாட்டினால் தீப்பற்றுதல் கூடும். அறிந்தவர் ஒருவர் தற்செயலாக வந்து தடுத்திராவிடின், விடுதி அறையின் கதி யாதாயிருக்கும் என்று எண்ண இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது. குற்றம் இளைஞருடையதன்று, மூத்தோராகிய நம்முடையதே.

இதனைக் கேட்ட சிலர், 'ஆதலின் வண்டியை வந்தபடியே வைத்தல் வேண்டும். மாற்றுதல் பழையதற்குச் செய்யும் அவமதிப்பு' என்றனர். இக்கொள்கையையும் நாம் ஒப்புக்கொள்ள இயலவில்லை. இவ்விளையாட்டு வளர்ந்ததே திருத்தியமைத்தவர்களால் அன்றோ? ஜப்பானிய வண்டிகளை வாங்கிய கலிபோர்னியா நாட்டுப் பந்தயக்காரர்கள் முறிந்த பகுதிகளுக்கு ஈடாக வலியவற்றைத் தாமே ஆக்கியும் சிறு பட்டறைகளில் வாங்கியும் ஓட்டினர். அம்மண்ணிலேயே அசோசியேட்டட் நிறுவனத்தார் 1984இல் ஆர்.சி.10 என்னும் வண்டியை அலுமினிய அடித்தளத்துடனும் எண்ணெய்த் தாங்கிகளுடனும் பந்தயத்திற்கென்றே வெளியிட்டனர். மறு ஆண்டாகிய 1985இல் இவ்வகை வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி அந்நாட்டு டெல் மார் நகரில் நடந்தது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்த்தவர்களால் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

எனவே, மாற்றலாமா என்பதன்று வினா. எதனை முதலில் மாற்றுவது என்பதே. நம் கருத்தில் முதலிடம் பேரிங்கிற்கு. டமியா வண்டிகள் பலவற்றில் உருளைப்பந்து பேரிங்கிற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வளையங்களையே இட்டு அனுப்புகின்றனர். அவை தேய்ந்தால் அச்சு தள்ளாடும். அச்சு தள்ளாடினால் கியர்ப் பற்கள் ஒன்றையொன்று நேரே பற்றமாட்டா. உள்விட்டம் 5 மில்லிமீட்டரும் வெளிவிட்டம் 11 மில்லிமீட்டரும் உள்ள பேரிங்குகள் சிலவற்றை வாங்கினால், மோட்டாரைத் தொடாமலேயே வண்டி இலகுவாய் ஓடுவதையும், ஒருமுறை ஏற்றிய பாட்டரி சற்று நீடிப்பதையும் காணலாம். அடுத்தது எண்ணெய்த் தாங்கி. சிலிக்கோன் எண்ணெயை ஊற்றிய பின் தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்துக் குமிழிகள் யாவும் வெளியேறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். இப்பொறுமை இல்லாதவர் எவ்வளவு விலையுயர்ந்த தாங்கியைப் பூட்டினும் பயனில்லை. மூன்றாவது டயர். மோட்டார் நான்காவதாக வரட்டும், வராமலும் இருக்கட்டும்.

பராமரிப்பைப் பற்றி நீட்டிக்க வேண்டுவதில்லை. ஓட்டி முடித்தவுடன் நீரில் கழுவாமல் தூரிகையால் மணலை நீக்குக. சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்க. பேரிங்கில் மணல் புகுந்திருப்பின் காதே சொல்லிவிடும். பற்களின் இடைவெளியை நாமே அமைக்கவேண்டிய பந்தய வண்டியாயின், மெல்லிய காகிதத் துண்டொன்றை இரு கியர்களுக்கு இடையே செலுத்தி இறுக்கிப் பின்பு காகிதத்தை உருவிவிடுக. காகிதம் கிழியாமல் மடிப்பு மட்டும் பதிந்து வந்தால் இடைவெளி சரி. லித்தியம் பாட்டரியை நெடுநாள் வைப்பதாயின், அறைக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைத்தலே முறை. முழுதும் ஏற்றிய நிலையில் அலமாரியில் வைப்பவர் அதன் ஆயுளைத் தாமே குறைக்கின்றார்.

முற்கூறிய நண்பர் இருவரும் இவ்வாண்டு கல்லூரியை விட்டுச் செல்கின்றனர். உடைந்த கியர்களுக்கு ஈடாகப் புதியவற்றைத் தம் செலவிலேயே வருவித்து, பேரிங்குகளும் இட்டு, பழைய 380 மோட்டாரையே திரும்பப் பூட்டிக் கொடுத்துள்ளனர். வண்டி இப்பொழுதும் துள்ளுகின்றது. ஆயினும் நினைத்த இடத்தில் திரும்புகின்றது. அந்த வலிய மோட்டார் நம் மேசையின் கீழ்அறையில் காகிதத்தில் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. எண்ணெய்த் தாங்கி நான்கையும் குமிழியின்றி நிரப்பிக் காட்டும் மாணவர் எவராயினும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.