ஐந்து வருடமும் கூட நின்றவர்கள்

2024 மக்களவைத் தேர்தலில் எஸ்.யு.சி.ஐ. (கம்யூனிஸ்ட்) கட்சி சுமார் 150 தொகுதிகளில் தனித்து நின்றது. ஒன்றில்கூட வெற்றி இல்லை. அதே தேர்தலில், ‘இண்டியா’ கூட்டணியில் இருந்த சி.பி.ஐ.(எம்.எல்.) லிபரேஷன் நின்றது நான்கே தொகுதிகளில். பீகாரின் ஆரா, காராகாட் இரண்டையும் அது வென்றது. கூட்டணி பலம் கைகொடுத்தது என்பது உண்மைதான். ஆனால், 1989-லேயே ஆராவில் அதன் வெகுஜன அமைப்பான இந்திய மக்கள் முன்னணி ஜெயித்திருக்கிறது. நிலமற்ற விவசாயக் கூலிகளின் கூலிக்காகவும் மானத்துக்காகவும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், ஜெயப்பிரகாஷ் நாராயண், ராம் மனோகர் லோகியா போன்ற தலைவர்களைக் கொண்ட சோஷலிஸ்ட் கட்சி 254 இடங்களில் போட்டியிட்டது. வாக்கு 10.6 சதவிகிதம், கிடைத்தது 12 இடம். 49 இடங்களில் மட்டும் நின்ற கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்கு 3.3 சதவிகிதம்தான், இடமோ 16. கூடுதல் ஓட்டு வாங்கியவரே எம்.பி. என்கிற நம் தேர்தல் முறையில், சிதறிய ஓட்டு செல்லாக்காசு.

‘ஒன்றிரண்டு பேர் டெல்லிக்குப் போய் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?’ என்று கேட்பவர்கள் 1963-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குள் நுழைந்த லோகியா, இந்த நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் பிழைக்கிறார்கள் என்றார். பதினைந்து அணா என்றார் பிரதமர் நேரு. திட்டக்குழுவின் காகிதங்களில் கிடந்த ஏழையின் வருமானம், அன்று முதல் ஊர் பேசும் விஷயமானது.

அப்படி ஒரு குரல் உள்ளே போவதற்கான வழி மட்டும் இன்னும் குறுகலாகவே இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரருக்குப் பத்துப் பேர் வேண்டும். டெபாசிட் 25,000 ரூபாய். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அதுவும் போச்சு. பெரிய மாநிலங்களில் வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கோ வரம்பே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்கி ஐந்தும் பத்துமாகச் சேர்த்தவர், இந்தப் பணத்தோடுதான் மோத வேண்டியிருக்கிறது.

தேர்தல் செலவுக்கு அரசே உதவலாம் என்று 1998-ல் பரிந்துரைத்தது, மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் இந்திரஜித் குப்தா தலைமையிலான குழு. அதுவும்கூட அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும்தான் என்றது! லெட்டர்பேடு கட்சிகளுக்கு அள்ளிக் கொடுக்க நான் சொல்லவில்லை. தொடர்ந்து தேர்தலில் நின்று, ஒழுங்காக வரவு செலவு காட்டும் சிறு கட்சிகளுக்கு வாக்காளர் பட்டியல் நகலும், வானொலி, தொலைக்காட்சியில் சில நிமிடங்களும் இலவசமாகக் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

அரசு செய்ய வேண்டியது அது. இந்தக் கட்சிகள் தாங்களே செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கொடி காட்டுவதற்காக 150 தொகுதிகளைத் தேடிப் போக வேண்டாம். ரேஷன் கடைத் தகராறிலிருந்து கலெக்டர் ஆபீஸ் மனு வரை, ஐந்து வருடமும் மக்களோடு நின்ற ஐந்து தொகுதிகளில் ஓட்டுக் கேட்கட்டும்.