வாளியும் திமிங்கிலமும்

நவம்பரில் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினால் அமெரிக்காவின் ஒரேகான்காரர்கள் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அளவைப் பார்த்தால் எங்கள் போர்ட்லாண்டைவிடச் சென்னையில்தான் மழை அதிகம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், இங்கே 900 சொச்சம். ஆனால் சென்னை அதில் பாதிக்கு மேல் ஒரு பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அக்டோபரில் பிடிக்கிற தூறல் வசந்தகாலம் வரைக்கும் கடன்காரன் மாதிரி வாசலை விட்டு நகராது. குடை பிடித்தால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டுதான் ஊர் வழக்கம்.

இந்த மழையில்தான் என் வீட்டுக்காரருக்குப் புதையல் ஆசை வரும். ஜியோகேஷிங் என்கிற விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். நாம் ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே பொம்மை, நாணயம், பொத்தான் என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான ஒன்றை வைக்க வேண்டும். பரிசு என்று பார்த்தால் அவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷன் பைன் மர வேருக்கடியில் கையை விட்டுத் துழாவுவார்.

எனக்குப் பிடித்தது நேர் எதிர். சாலையோரத்தில் நின்றுகொண்டு ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று கத்துகிற சமாசாரங்கள். போர்ட்லாண்டின் கென்டன் பகுதியில் கதைகளில் வரும் பால் பனியன் என்ற மரவெட்டியின் சிலை நிற்கிறது. உயரம் 31 அடி. கட்டம் போட்ட சட்டை, கையில் கோடாரி, முகம் நிறைய பல். 1959இல் ஒரேகான் மாநிலத்தின் நூற்றாண்டு விழாவுக்காக வைத்தது. அவரைப் பார்க்க காரை விட்டு இறங்கவேண்டியதில்லை, வைப்பர் ஓடினால் போதும். “இதுல தேடறதுக்கு என்ன இருக்கு?” என்பார் இவர். “தேட வேண்டாம்கறதுதாங்க இதுல விசேஷமே” என்பேன். எங்கள் பயணங்களெல்லாம் இந்த ஒரே சண்டையின் தொடர்ச்சிதான்.

இந்த முறை முதல் சுற்று அவருடையது. போர்ட்லாண்டுக்குத் தெற்கே பீவர்கிரீக். இந்த விளையாட்டு பிறந்த இடம். 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துகொண்டிருந்தது. நூறு மீட்டர் தள்ளிக்கூடக் காட்டும். கிளின்டன் அரசு அதை நிறுத்தியதும், ஒரே இரவில் உலகத்திலுள்ள கருவிகளெல்லாம் துல்லியமாகிவிட்டன. மே 3ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் பாதி புதைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகம், வீடியோ, மென்பொருள், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். கண்டுபிடிக்க முடிகிறதா பார்ப்போம் என்ற சோதனைதான். சில நாளிலேயே மைக் டீக் என்பவர் போய் எடுத்துவிட்டார். இன்று அந்த வாளி இல்லை, நினைவுப் பலகை இருக்கிறது. பீன்ஸ் டின் மட்டும் பிழைத்துக்கொண்டது. இப்போதைய விதிப்படி டப்பாவுக்குள் உணவுப் பண்டமே வைக்கக்கூடாது, கரடியும் அணிலும் மோப்பம் பிடித்து வந்துவிடும். விதிக்கு முன்னால் பிறந்ததால் அந்த பீன்ஸுக்கு வழிபாடு!

இவர் அந்தப் பலகை முன்னால் நின்ற நிற்பைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிடுவாரோ என்று தோன்றியது. நான் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மழையில் ஏன் தேட வேண்டும் என்று கேட்டால் அவரிடம் பதில் உண்டு. ஈரம் சொட்டும் மரக்கூட்டத்தின் கீழே ஜிபிஎஸ் தடுமாறும், டப்பா ஒழுகினால் தாள் கூழாகிவிடும், எல்லாம் சரி. ஆனால் ஆள் நடமாட்டம் இருக்காது. விளையாட்டைப் பற்றித் தெரியாத பொதுஜனத்தை இவர்கள் ‘மகிள்’ என்பார்கள், ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த பெயர். மகிள்கள் கண்ணில் படாமல் டப்பாவை எடுத்து வைக்கவேண்டும். வெயில் நாளில் கடை வாசல் விளக்குக் கம்பத்தின் அடித்தகட்டைத் தூக்கிப் பார்க்கிற ஒருவரை, அதிலும் எங்கள் நிறத்து ஆள் ஒருவரை, யாராவது போலீஸுக்குச் சொல்லிவிடலாம். மழை அந்தக் கவலையை மிச்சப்படுத்துகிறது. இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு முழுசாகச் சிரிப்பு வராது.

தாள் விஷயத்துக்கும் இந்தப் பிரதேசமே வழி கண்டிருக்கிறது. பக்கத்து வாஷிங்டன் மாநிலத்து டக்கோமாவில் ‘ரைட் இன் த ரெயின்’ என்று ஒரு நோட்டுப் புத்தகம் செய்கிறார்கள். மழையிலேயே மரம் வெட்டுகிறவர்களுக்காக நூறு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. பென்சிலால் எழுதினால் நனைந்தாலும் அழியாது. எங்கள் காரில் மழைக்கோட்டுக்கு அடுத்தபடி மரியாதை அந்தத் தாளுக்குத்தான்.

அடுத்த சுற்று என்னுடையது. மலை தாண்டிக் கடலோரம், ஃப்ளாரன்ஸ் ஊர். 1970 நவம்பர் 12 அன்று இங்கே கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் சடலத்தை மாநில நெடுஞ்சாலைத் துறை டைனமைட் வைத்துத் தகர்த்தது. 45 அடி நீளம், எட்டு டன். தூள்தூளானால் மிச்சத்தைக் கடற்பறவைகள் தின்றுவிடும் என்று கணக்கு. வைத்தது அரை டன் வெடிமருந்து, இருபது பெட்டி. வெடிமருந்து பழகிய ஒருவர், இருபது பெட்டி வேண்டாம், இருபது குச்சி போதும் என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள். துறை கேட்கவில்லை. வெடித்ததும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தலையில் கொழுப்பும் சதையும் மழையாகப் பெய்தது. கால் மைல் தள்ளி நின்ற ஒரு காரின் மேல் ஒரு பெரிய துண்டு விழுந்து கூரை நசுங்கியது. கார் யாருடையது? எச்சரித்தவருடையதுதான். திமிங்கிலத்தில் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே கிடந்தது. பறவைகள் சத்தத்துக்குப் பயந்து பறந்துபோயிருந்தன.

அரை நூற்றாண்டு கழித்து, 2020இல், ஊர்க்காரர்களே வாக்களித்து ஆற்றோரத்தில் ஒரு பூங்காவுக்கு ‘வெடித்த திமிங்கில நினைவுப் பூங்கா’ என்று பெயர் வைத்தார்கள். எந்த ஊரில் ஒரு அரசுத் துறையின் அசட்டுத்தனத்துக்கு இப்படிக் கொண்டாட்டம் நடக்கும்? நம் ஊராக இருந்தால் விசாரணைக் கமிஷன் வைத்து, அறிக்கையையும் அங்கேயே புதைத்திருப்பார்கள்.

பூங்காவில் பார்க்க என்ன இருக்கிறது? புல், ஆறு, மணல்மேடு, பெயர்ப் பலகை. வெடித்த கடற்கரைகூட அது இல்லை. இவர் மழைக்கோட்டோடு சுற்றிச்சுற்றி வந்தார். “ஒண்ணுமே இல்லையே! இது உன் கட்சியா, என் கட்சியா?” என்றார். நியாயமான கேள்விதான். கத்தவும் இல்லை, ஒளியவும் இல்லை. கதை தெரியாதவனுக்கு அது வெறும் புல்தரை. எனக்கு முப்பது அடிச் சிலைகளைவிட அது பிடித்துப்போனது.

இதே ஜாதியில் போர்ட்லாண்டிலேயே ஒன்று உண்டு. மில் எண்ட்ஸ் பூங்கா. இரண்டடி விட்டத்தில் ஒரு வட்டம், சாலை நடுவில். விளக்குக் கம்பத்துக்கு வெட்டி மறந்துபோன குழியில் களை மண்டிக் கிடப்பதை அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்த டிக் ஃபேகன் என்ற பத்திரிகைக்காரர், அதில் பூச்செடி வைத்துத் தன் பத்தியின் பெயரையே அதற்கும் வைத்தார். 1948இல். அங்கே ஒரு ஐரிஷ் குட்டிச்சாத்தானைப் பிடித்ததாகவும், வரமாகப் பூங்கா கேட்டபோது அளவு சொல்ல மறந்துவிட்டதாகவும் கதை கட்டினார். சாத்தான் குடும்பத்தின் செய்திகளைச் சொல்லியே பல வருஷம் பத்தியை ஓட்டினார். வாராவாரம் விஷயம் தேடி அலைகிற எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உலகின் மிகச்சிறிய பூங்கா என்ற பட்டத்தை 2025இல் ஜப்பானின் நகாஇசுமி ஊர் தட்டிக்கொண்டு போய்விட்டது. ஃபேகன் இருந்திருந்தால் அதிலும் நாலு வாரம் எழுதியிருப்பார்.

அடுத்து கான்ஸஸ் என்று பேச்சு நடக்கிறது. மிங்கோ என்ற இடத்தில் 2000 மே 11 முதல் இன்றுவரை ஆட்டத்தில் இருக்கும் டப்பா அவருக்கு. அதே மாநிலத்தின் காக்கர் சிட்டியில் 1953 முதல் சுற்றிக்கொண்டே இருக்கும் ராட்சத நூலுருண்டை எனக்கு, நாமும் கொஞ்சம் நூல் சுற்றலாமாம். அங்கே மழை குறைவு என்று நான் சொல்ல, ஆலங்கட்டியும் சூறாவளியும் எந்த மாதத்தில் வரும் என்று இவர் ஆர்வமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.