நேரம் திருடுவது எப்படி?

ஆபீஸில் நேரம் திருடுவது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து மணிக்கு இருக்க வேண்டியவர் பத்தே காலுக்கு வருவது, டீ குடிக்கப் போன இடத்தில் அரை மணி கரைவது எல்லாம் நமக்குக் கைவந்த கலை. இந்த வாரம் நான் சொல்லப் போவது கிடாரில் நேரம் திருடுவது பற்றி. இத்தாலிக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 'டெம்போ ருபாட்டோ.' அர்த்தம், திருடப்பட்ட காலம்.

திடீரென்று கிடார் ஏன் என்கிறீர்களா? முதல் மாதச் சம்பளத்தில் கிடார் வாங்குகிற பையன்கள் நம் ஊரில் ஏராளம். அதே கிடார் இரண்டாவது வருஷம் உறைக்குள் புகுந்து, பரண் மேல் பழைய சூட்கேஸுக்குப் பக்கத்தில் படுத்து விடுகிறது. கேட்டால், "நமக்கு ஞானம் கிடையாது சார், விட்டுட்டேன்" என்பார்கள்.

முக்கால்வாசிப் பேர் விஷயத்தில் இது பொய். விரல் சரியான இடத்தில்தான் விழுகிறது. ஸ்வரம் தப்பவில்லை. ஆனால் கேட்டால் யாரோ லீவ் லெட்டர் டைப் அடிக்கிற மாதிரி இருக்கிறது. 'டக்... டக்... டக்.' வீட்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசியில் வாசிக்கிறவனுக்கே அலுத்துப் போகிறது.

காரணம் ஞானக் குறைவு அல்ல. இரண்டே கோளாறுகள். ஒன்று, ஸ்வரத்தோடு ஸ்வரம் ஒட்டவில்லை. இரண்டு, எங்கே கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்பது தெரியவில்லை. இரண்டுமே பழகினால் வருகிற சமாசாரம்.

நான் சொல்வது நைலான் கம்பி போட்ட, பிளாஸ்டிக் வில்லை இல்லாமல் விரல் நுனியாலும் நகத்தாலும் வாசிக்கிற கிளாசிகல் கிடார். இன்றைக்கு நாம் பார்க்கிற உருவத்தை அதற்குக் கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டு ஆசாரி அந்தோனியோ தெ தோரஸ் (1817-1892). இசை எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஃபிரான்சிஸ்கோ தார்ரெகா (1852-1909). உலகம் பூரா மேடையேற்றியவர் ஆந்த்ரே செகோவியா (1893-1987). 1940களில் நைலான் வரும் வரை மெல்லிசான கம்பிகள் மூன்றும் ஆட்டுக் குடல்தான். நம்ம இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரிப் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கியதும் இந்த கிளாசிகல் கிடாரில்தான்.

* * *

முதலில் ஒட்டுகிற விஷயம். இதற்கும் ஓர் இத்தாலிய வார்த்தை இருக்கிறது. 'லெகாட்டோ.' கட்டப்பட்டது என்று பொருள்.

வயலின்காரருக்கு வில் இருக்கிறது. இழுக்க இழுக்க நாதம் வரும். புல்லாங்குழலுக்கு மூச்சு இருக்கிறது. கிடார்காரன் பாவம். கம்பியை மீட்டி விட்டால் தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரிதான். அதற்கப்புறம் அவனால் பெரிசாக ஒன்றும் செய்ய முடியாது. நாதம் பிறந்த கணமே தேய ஆரம்பித்து விடுகிறது. ஆக, கிடாரில் லெகாட்டோ என்பதே ஒரு கண்கட்டு வித்தை. காதுகட்டு வித்தை என்று சொல்ல வேண்டும்.

தார்ரெகாவின் 'அல்ஹாம்ப்ரா நினைவுகள்' கேட்டிருப்பீர்கள். கட்டை விரல் ஒரு தட்டு, பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே கம்பியில் அடுத்தடுத்து மூன்று தட்டு. வேகத்தில் தனித்தனித் துளிகள் ஒன்று சேர்ந்து ஒரே இழையாகக் காதில் விழுகின்றன. தேய்கிற நாதத்தை ஏமாற்ற மனுஷன் என்ன பாடுபட்டிருக்கிறார் பாருங்கள்!

நமக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

முதல் ஓட்டை இடது கையில். அடுத்த ஸ்வரத்துக்குப் போகிற அவசரத்தில் அழுத்தியிருக்கிற விரலை முன்னாலேயே எடுத்து விடுகிறோம். அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்கும் வரை பழைய ஆள் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது எந்த கேஷ் கவுன்ட்டரிலும் உள்ள சட்டம். கிடாரிலும் அதேதான்.

இரண்டாவது ஓட்டை வலது கையில். மீட்டப் போகிற விரல் கம்பியில் சீக்கிரமே வந்து உட்கார்ந்து விடுகிறது. உட்கார்ந்த உடனே முந்தைய ஒலி செத்துப் போகிறது. தொடுவதும் மீட்டுவதும் ஒரே அசைவாக இருக்க வேண்டும். இரண்டு கைகளும் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டையைப் பலர் கவனிப்பதே இல்லை. சத்தம். முந்தைய ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து முணுமுணுப்பாகி விட்டது; அடுத்ததை 'டங்' என்று அடித்தால் எப்படி ஒட்டும்? பழையது எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ, கிட்டத்தட்ட அந்த அளவில் புதியதை ஆரம்பித்தால் காது இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கொள்ளும். க்ளோசிங் பாலன்ஸ்தான் மறுநாள் ஓப்பனிங் பாலன்ஸ். பி.காம். படித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

* * *

இப்போது திருட்டு.

திருடுவதற்கு முன்னால் நேர்மையாக இருக்கப் பழக வேண்டும். அதற்குத்தான் மெட்ரோனோம். இப்போது செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் கருவியின் கதையே ஒரு திருட்டுக் கதை. 1814-ல் ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் உண்டாக்கியதைப் பார்த்துவிட்டு, மெல்ஸெல் என்பவர் அதில் எண்கள் குறித்த அளவுப்பட்டை ஒன்றைச் சேர்த்து, 1815-ல் தன் பெயரில் பேட்டன்ட் வாங்கி விட்டார். காலத்தை அளக்கிற கருவியையே திருடிய மகானுபாவர்!

காலப்பிரமாணம் கட்டுக்குள் வராமல் இழுத்து இழுத்து வாசிப்பதற்குப் பெயர் ருபாட்டோ இல்லை, தடுமாற்றம். எது வேண்டுமென்றே எடுத்த நேரம், எது விரல் கிடைக்காமல் போன நேரம் என்று கேட்பவருக்குத் தெரிந்து விடும். சங்கீத விமர்சகர் தேவையில்லை, பக்கத்து போர்ஷன் மாமிக்கே தெரியும்.

சரி, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? இதில் இரண்டு கட்சி. 1723-ல் பாடகர்களுக்காகப் புத்தகம் எழுதிய டோசி, திருடலாம், ஆனால் சாமர்த்தியமாகத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்கிற கட்சி. ஒரு ஸ்வரத்தில் கொஞ்சம் நின்றாயா, அடுத்த ஸ்வரங்களில் கொஞ்சம் விரைந்து கணக்கை நேர் செய்து விடு. ஷோபின் தன் மாணவர்களிடம், இடது கை கண்டிப்பான நடத்துனர் மாதிரி காலம் தவறாமல் போக வேண்டும், வலது கை மட்டும் சுதந்திரமாகப் பாடலாம் என்று சொல்வாராம். கிடாரில் அந்த நடத்துனர் வேலை கட்டை விரலுக்கு. தினமும் ஒன்பதே முக்காலுக்கே சீட்டில் இருக்கும் ஹெட் கிளார்க் அவர். மற்ற விரல்கள் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் ஆபீஸ் நடக்கும்.

எதிர்க்கட்சித் தலைவர் போலந்துப் பியானோ மேதை படெரெவ்ஸ்கி. போனது போனதுதான், திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது என்று 1909-ல் வெளிவந்த கட்டுரையில் அடித்துச் சொன்னார். அதாவது வாராக்கடன், எழுதித் தள்ளிவிட வேண்டியதுதான். பத்து வருஷம் கழித்து, 1919-ல், அவர் போலந்தின் பிரதம மந்திரி ஆனார் என்பது உபரித் தகவல்.

புதிதாகப் பழகுகிறவர்கள் டோசி கட்சியில் சேர்வதே நல்லது. கடன் வாங்கினால் கட்டுகிற பழக்கம் முதலில் வரட்டும்.

எங்கே திருடுவது? கண்ட இடத்தில் அல்ல. வாக்கியம் முடிகிற இடத்தில், உச்ச ஸ்வரத்துக்கு ஏறுகிற இடத்தில், கொஞ்சம் உறுத்துகிற ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தில் சமாதானமாகிற இடத்தில். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த நிறுத்தங்கள்தானே பாலையாவை நடுங்க வைக்கின்றன! அதே வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்திருந்தால் யார் சிரித்திருப்பார்கள்? கிடாரில் ஒரு வசதி கூட உண்டு. முக்கியமான ஸ்வரத்தை ஓங்கி மீட்ட வேண்டியதில்லை. ஒரு இமைப்பொழுது தாமதித்து மெல்ல மீட்டினாலே அது பெரிதாகக் கேட்கும்.

* * *

பழகிப் பார்க்க ஒரு பாடம். தார்ரெகாவின் 'லாக்ரிமா'. கண்ணீர்த் துளி என்று அர்த்தம். சின்னஞ்சிறு உருப்படி. முதல் வரியில் மெல்லிய கம்பியில் நான்காவது கட்டை, ஐந்தாவது, ஏழாவது என்று மெட்டு ஏறுகிறது. ஒவ்வொரு படிக்கும் நடுவே இரண்டாவது கம்பி அழுத்தாமல் சும்மா ஒலிக்கிறது. கை ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு நகரும்போது விழுகிற ஓட்டையை அந்தக் கம்பி மூடி மறைக்கிறது. தார்ரெகா நமக்காகவே செய்து வைத்த உபகாரம்.

முதலில் மெட்ரோனோமை 60-ல் வைத்து, மெட்டை மட்டும் ஒரு வாரம் ஒட்டி ஒட்டி வாசியுங்கள். அடுத்த வாரம் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, கிடாரைக் கீழே வைத்து, அந்த வரியை வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நல்லதா என்பது இங்கே கேள்வியே இல்லை. எங்கே மூச்சு எடுக்கிறீர்களோ, எங்கே தானாக நிற்கிறீர்களோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு. அங்கேதான் திருட வேண்டும். அதே இரண்டு சீர்கள் உடனே திரும்ப வரும். இரண்டாம் தடவையும் அச்சு அசலாகச் சொன்னால் அது கார்பன் காப்பி. ஒன்றை மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது வேறிடத்தில் நில்லுங்கள்.

இதில் வேகம் எங்கேயும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? முப்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தவனுக்குப் பதினாறு வயதுப் பையனின் விரல் வேகம் வருவது கஷ்டம். ஆனால் ஒட்டுவதும் காத்திருப்பதும் விரல் வேலையைவிடக் காதின் வேலை. தினம் அரை மணி போதும். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, கம்பி மாற்றுங்கள். என்றைக்காவது ஒரு நாள் அடுக்களையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் சட்டென்று நிற்கும். பார்க்காத மாதிரி தொடர்ந்து வாசியுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. காலையில் பத்தே காலுக்குப் போய் மானேஜரிடம் "ருபாட்டோ சார்" என்று சொல்லிப் பார்க்காதீர்கள். அவர் டோசி கட்சி. சாயங்காலம் ஆறேகால் வரை உட்கார வைத்து விடுவார்.