ஊர்ப் பெருமையும் ஊர்க் கடமையும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் பஸ்ஸில் பிரயாணம் செய்கிறவர்கள் ஒரு வழக்கை அவசியம் கேட்டிருப்பார்கள். "குற்றாலம் இருப்பதால்தானே அண்ணாச்சி தென்காசியை நாலு பேருக்குத் தெரிகிறது?" என்று ஒருவர் தொடங்குவார். "தென்காசியில் ரயில் நிற்காவிட்டால் உங்கள் குற்றாலத்துக்கு ஆள் எப்படி வரும்?" என்று மற்றவர் மடக்குவார். பக்கத்து இருக்கையில் செங்கோட்டைக்காரர் ஒருவர் இருந்துவிட்டால், ரயில் புறப்படுவதே எங்கள் ஊரிலிருந்துதான் என்பார். வாஞ்சிநாதன் பிறந்த மண் என்பதையும் சேர்த்துக் கொள்வார். கடையநல்லூர்க்காரருக்கு ஜனத்தொகையே போதும். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர் ஊரில் 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். தென்காசியிலோ 70 ஆயிரத்தைச் சற்றே தாண்டியவர்கள்தாம். சங்கரன்கோவில்காரர் ஆடித் தபசுக் கூட்டத்தைச் சாட்சிக்கு அழைப்பார். கடையத்துக்காரர், பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் எங்களுடையது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

இந்த வாதம் கேட்பதற்கு இனிமையானது. தன் ஊரைப் பற்றிப் பெருமை பேசாதவன் அந்த ஊருக்கு நன்மை செய்யமாட்டான். ஆனால், பெருமை என்பது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைத்தான் சிந்திக்க வேண்டும்.

பழைய வழக்கு

இது நேற்று முளைத்த போட்டி அல்ல. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்த இடத்துக்கு முக்கூடல் என்று பெயர். முக்கூடற்பள்ளு என்ற நூல் பிறந்தது அந்த மண்ணைப் பற்றித்தான். அதில் ஒரு பள்ளனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடலைச் சேர்ந்தவள். இளையவள் மருதூரைச் சேர்ந்தவள். என் நாடு உயர்ந்தது, உன் நாடு தாழ்ந்தது. என் தெய்வம் பெரிது, உன் தெய்வம் சிறிது என்று இருவரும் சொல்லுக்குச் சொல் மோதிக்கொள்கிறார்கள். ஏசி முடித்த பிறகு சமாதானமாகிவிடுகிறார்கள். ஊர்ச் சண்டை எப்படி நடக்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்பதற்கு நெல்லைச் சீமையே எழுதி வைத்த இலக்கணம் என்று அதைச் சொல்லலாம்.

அண்மைக் காலத்தில் அந்தச் சண்டை வாய்ப் பேச்சைத் தாண்டிச் சர்க்கார் காகிதத்துக்கு வந்தது. 1790ஆம் ஆண்டில் கும்பினியார் அமைத்த திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1986இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலையில் தென்காசியும் பிரியும் என்று சட்டசபையில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி புதிய ஜில்லா உதயமாயிற்று. தென்காசியில் மகிழ்ச்சி, சங்கரன்கோவிலில் மனக்குறை. எங்கள் ஊரைத் தலைநகராக்க வேண்டும், இல்லையேல் எங்களுக்கென்று தனி ஜில்லா வேண்டும் என்று அவ்வூர் மக்கள் குரல் எழுப்பினார்கள். இரு தரப்பும் சொன்ன நியாயங்களைக் காது கொடுத்துக் கேட்டால், ஊர்ப் பெருமைக்கு அடியில் ஓர் உண்மையான கஷ்டம் இருப்பது விளங்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கடல் கடந்த போட்டி

எந்த நகரம் பெரிது என்ற சண்டையில் அமெரிக்கர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கொலம்பஸ் அந்தக் கண்டத்தை அடைந்த 400ஆவது ஆண்டைக் கொண்டாட உலகப் பொருட்காட்சி ஒன்று நடத்த நினைத்தார்கள். நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் ஆகிய நான்கு நகரங்களும் எனக்கு, உனக்கு என்று மோதின. 1890இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை பலமுறை வாக்கெடுத்துச் சிகாகோவுக்குக் கொடுத்தது. 1871இல் பெருந்தீயில் வெந்துபோன நகரம், 22 ஆண்டுகளில் உலகத்தையே விருந்துக்கு அழைத்தது. அந்த விழாவை ஒட்டி 1893இல் கூடிய சர்வ சமயப் பேரவையில்தான் சுவாமி விவேகானந்தர் பேசினார். ஆகவே, சிகாகோ வென்ற அந்தப் போட்டிக்கும் தமிழ்நாட்டு மக்களின் நினைவுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

சிகாகோ வளர்ந்ததற்குக் காரணம் வாய்ச் சவடால் அல்ல. செயின்ட் லூயிஸ் நகரம் மிசிசிப்பி ஆற்றையும் நீராவிப் படகையும் நம்பி நின்ற காலத்தில், சிகாகோ ரயில் பாதைகளைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும் உள்நாட்டுத் தானியமெல்லாம் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து குவியலாயிற்று. பாதை எங்கே கூடுகிறதோ அங்கே பட்டணம் கூடுகிறது. நம் தென்காசிக்கும் இது பொருந்தும். திருநெல்வேலியிலிருந்து வரும் ரயிலும், விருதுநகரிலிருந்து வரும் ரயிலும், செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் போகும் ரயிலும் கூடுமிடம் அது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் நியூயார்க் அல்ல, ஆல்பனி. சிகாகோ இருக்கும் மாநிலத்துக்கு ஸ்பிரிங்பீல்டு தலைநகர். லாஸ் ஏஞ்சல்ஸ் எவ்வளவு பெரிய நகரமானாலும் கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமென்டோதான். டெட்ராய்ட் 1847இல் தலைநகர் அந்தஸ்தை இழந்தது. அதற்குப் பிறகுதான் மோட்டார் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்று, 1950இல் 18 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தது. அந்த ஒரே தொழிலை நம்பி இருந்ததால், தொழில் தளர்ந்ததும் ஊரும் தளர்ந்தது. 2013இல் நகராட்சியே திவாலாயிற்று. 2020இல் அங்கிருந்தவர்கள் ஆறரை லட்சம் பேர்கூட இல்லை.

கலெக்டர் ஆபீஸ் வந்தால்தான் ஊர் வளரும் என்பதில்லை. அது வராவிட்டால் ஊர் அழிந்துவிடும் என்பதுமில்லை. ஒரே தொழிலை நம்பிய ஊருக்குத்தான் ஆபத்து. இந்த உண்மையை எல்லோரையும்விடக் குற்றாலம் நன்கு அறியும். தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் அருவி வறளும். அருவி வறண்டால் விடுதியும் கடையும் வாடகை வண்டியும் அந்த ஆண்டு முழுவதும் வறளும்.

மேலூரும் கீழூரும்

சிகாகோவின் கதையில் மற்றொரு பக்கமும் இருக்கிறது. அந்நகரத்தின் சாக்கடை ஆற்றில் விழுந்து, குடிநீர் எடுக்கும் ஏரியையே கெடுத்து வந்தது. நகரத்தார் என்ன செய்தார்கள்? 1900இல் பெரிய கால்வாய் வெட்டி ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டார்கள். ஏரி சுத்தமாயிற்று, சாக்கடை கீழ்நோக்கி மிசிசிப்பிக்குப் போயிற்று. கீழே இருந்தது பழைய போட்டிக்கார ஊரான செயின்ட் லூயிஸ்! அதற்காக அம்மாநிலத்தார் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். போதிய சாட்சியம் இல்லையென்று 1906இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதை இதற்கு நேர்மாறானது. 1913இல் 200 மைலுக்கு அப்பாலிருந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கால்வாய் வழியே அந்நகரம் எடுத்துக்கொண்டது. நகரம் பெருகியது, பள்ளத்தாக்கிலிருந்த ஏரி வற்றிப் புழுதிக் காடாயிற்று. ஓர் ஊரின் பெருமைக்கு மற்றோர் ஊர் கொடுத்த விலை அது.

இனி சிற்றாற்றங்கரைக்குத் திரும்பலாம். பொங்குமாங்கடலில் நிரம்பி வழிந்து பேரருவியாய் விழும் அதே தண்ணீர்தான் சற்று நேரத்தில் தென்காசியைக் கடக்கிறது. அனுமன் நதி, அழுதகண்ணியாறு, கருப்பாநதி எல்லாம் ஒவ்வொன்றாகச் சிற்றாற்றில் வந்து சேருகின்றன. வழிநெடுகத் தடுப்பணைகளும் கால்வாய்களும் குளங்களும் வயல்களும் இருக்கின்றன. குற்றாலத்தில் ஒருவர் வீசி எறிகிற பிளாஸ்டிக் பை தென்காசிக்காரருடைய பொருளாகிவிடுகிறது. தென்காசி ஆற்றில் விடுகிற கழிவு அடுத்த ஊர்க்காரருடைய குளத்துக்குப் போகிறது. எந்த ஊர் பெரிது என்று ஆற்றைக் கேட்டால், எது மேலே, எது கீழே என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

குற்றாலம் ஒரு சிறிய பேரூராட்சி. அங்கே குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தாம். சாரல் காலத்தில் அவ்வூர் தாங்குவதோ லட்சக்கணக்கான விருந்தினரை! திருஞானசம்பந்தர் பாடிய தலம், சித்திரசபை அமைந்த தலம், திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய தலம், ரசிகமணி டி.கே.சி. இலக்கிய நண்பர்களை அழைத்து வைத்து விருந்தோடு கவிதையும் பரிமாறிய ஊர். அத்தகைய ஊரில் அருவியில் சோப்பும் ஷாம்புவும் எண்ணெயும் பயன்படுத்தக் கூடாதென்று 2014இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் சொந்த இடத்தில் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022இல் மறுபடியும் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனின் உயிரைக் கொண்டு போயிற்று. ஊர்ப் பெருமை பேசியவர்கள் எவரும் அன்று வாய் திறக்கும் நிலையில் இல்லை.

செய்ய வேண்டுவன

அருவியின் புகழால் நன்மை அடைவது குற்றாலம் மட்டுமல்ல. தென்காசி விடுதிகளும், செங்கோட்டை ரயிலும், பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையும் அதில் பங்கு பெறுகின்றன. ஆகவே, குப்பை அகற்றுவதும், கழிப்பிடம் கட்டுவதும், மலைமேல் பெய்யும் மழையை அளந்து அடிவாரத்துக்கு உடனே எச்சரிக்கை தருவதும் ஒரு சிறிய பேரூராட்சியின் தலையில் மட்டும் சுமத்தப்பட வேண்டியவை அல்ல. ஜில்லா முழுவதும் தோள் கொடுக்க வேண்டும். குற்றால மலை முதல் சீவலப்பேரி வரை சிற்றாற்றுக்கு ஒரே பாதுகாப்புத் திட்டம் தேவை. ஆறு இரண்டு ஜில்லாக்களில் ஓடுகிறது என்பதற்காகத் திட்டமும் இரண்டாகப் பிளவுபடக் கூடாது.

சங்கரன்கோவிலின் மனக்குறைக்கு வருவோம். திருவேங்கடம் பக்கத்துக் கிராமத்து மூதாட்டி ஒருத்தி உதவித்தொகைக்காக மனுக் கொடுக்கத் தென்காசி வரை வரவேண்டுமென்றால், ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போய்விடுகின்றன. அவளுக்கு எந்த ஊர் தலைநகர் என்பது பெரிதல்ல. எத்தனை மைல் என்பதுதான் பெரிது. மாதத்தில் ஒரு திங்கட்கிழமையாவது மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தைச் சங்கரன்கோவிலில் நடத்தினால் என்ன? புதிதாக வரும் அலுவலகங்கள் எல்லாவற்றையும் தென்காசியிலேயே குவிக்காமல், கடையநல்லூருக்கு ஒன்று, ஆலங்குளத்துக்கு ஒன்று, சிவகிரிக்கு ஒன்று என்று பகிர்ந்தால் என்ன? தலைநகர் அந்தஸ்து பெற்ற ஊர், அதைத் தனக்குக் கிடைத்த கிரீடமாகக் கருதாமல், எட்டுத் தாலுகா மக்களுக்கும் செய்ய வேண்டிய வேலையாகக் கருத வேண்டும்.

தொழிலும் அப்படியே. மத்தளம்பாறை என்ற சிற்றூரிலிருந்து கம்ப்யூட்டர் மென்பொருள் செய்து உலகெங்கும் அனுப்ப முடியும் என்பதைச் சோஹோ நிறுவனம் காட்டியிருக்கிறது. பட்டணத்தில்தான் முடியும் என்று சொல்லப்பட்ட வேலை அது. புளியங்குடியில் எலுமிச்சை இருக்கிறது. சங்கரன்கோவிலில் விசைத்தறி இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தனக்குள்ள திறமையை வளர்த்துக்கொண்டால், பக்கத்து ஊரைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. சாரலை மட்டும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் மழை பொய்த்த ஆண்டில் வேறு வழி பிறக்கும்.

மன்னன் வணங்கிய மக்கள்

தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்தவன் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பராக்கிரம பாண்டியன். என் கோயில், என் ஊர், என் புகழ் என்று கல்லில் வெட்டி வைக்க அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவன் வெட்டி வைத்ததோ வேறு. பிற்காலத்தில் இந்தக் கோயிலில் பழுது ஏற்பட்டால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர் யாராக இருந்தாலும், அவர்களை இப்போதே பணிகிறேன் என்னும் கருத்துப்பட அவன் பாடல் கல்வெட்டில் நிற்கிறது. அவன் அஞ்சியபடியே பழுதும் வந்தது. தீக்கிரையாகிப் பிளவுபட்ட ராஜகோபுரம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மொட்டையாக நின்றது. பிறகு பலருடைய முயற்சியால் ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்தில் எழும்பி, 1990இல் குடமுழுக்குக் கண்டது.

ஊரைக் கட்டியவனே, ஊரைக் காப்பவனுக்குத் தலைவணங்கினான். எங்கள் ஊர் பெரிது என்று சொல்லுகிற ஒவ்வொருவரும், அந்த வணக்கத்துக்குத் தாம் தகுதியானவர்தாமா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அருவிக்கரையில் குப்பை போடாதவரும், ஆற்றில் கழிவு விடாதவரும், தூரத்துக் கிராமத்து மனுவை அன்றே கவனித்து அனுப்பும் அதிகாரியும் தகுதியானவர்களே. அத்தகையவர்கள் மிகுந்த ஊர், குற்றாலமானாலும் தென்காசியானாலும் சங்கரன்கோவிலானாலும், அதுவே பெரிய ஊர்.