காட்டியதைக் கண்டோரும் காணாததைச் சொன்னோரும்

1986ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி தென்கொரியப் பாதுகாப்பு அமைச்சு உலகுக்கு ஒரு செய்தியை அறிவித்தது. வடகொரியாவின் தலைவர் கிம் இல் சுங் சுடப்பட்டு இறந்துவிட்டார் என்பதும், எல்லையிலே வைக்கப்பட்டிருந்த வடகொரிய ஒலிபெருக்கிகள் அதனைக் கூறின என்பதுமே அச்செய்தி. மறுநாள், இறந்துவிட்டதாகக் கூறப்பட்டவர் பியொங்யாங் விமான நிலையத்திலே நின்று மொங்கோலியத் தலைவரை வரவேற்றார். அதன் பின்னரும் ஏறக்குறைய எட்டாண்டுகள் ஆட்சி புரிந்து 1994 ஜூலையிலேதான் அவர் காலமானார்.

கால் நூற்றாண்டின் பின்னர் இதற்கு நேர்மாறான காட்சியும் அரங்கேறியது. 2011 டிசம்பர் 17இல் அவருடைய மகன் கிம் ஜொங் இல் இறந்தார். இரண்டு நாட்களாக வெளியுலகம் அதை அறியவில்லை. 19ஆம் திகதி வடகொரியத் தொலைக்காட்சி அறிவித்தபோதுதான், அந்நாட்டை வேவு பார்ப்பதையே தலையாய தொழிலாகக் கொண்ட தென்கொரிய உளவுத்துறையும் அதை அறிந்துகொண்டது. உயிரோடிருந்த தந்தையைக் கொன்றவர்கள், இறந்துபோன மகனை இரண்டு நாட்கள் உயிரோடு வைத்திருந்தார்கள்!

இதைப் படித்து நகைத்துவிட்டு அப்பாற் செல்வோர் செல்லட்டும். சமுதாய மாற்றத்தை விரும்புவோராகிய நாம் அவ்வாறு செல்ல முடியாது. ஏனெனில் தன்னைச் சோஷலிசத்தின் பெயரால் அழைத்துக்கொண்ட ஒரு நாட்டைப் பற்றிய உண்மை இங்கே வழக்கிலிருக்கிறது. அவ்வழக்கிலே சாட்சி சொல்ல வந்தோரின் நேர்மையும், நம்முடைய நேர்மையுங்கூட விசாரணைக்குரியன.

முதலிலே வணிகப் பத்திரிகைகளை எடுத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டு பாடகி ஹியொன் சொங் வொல் சுட்டுக் கொல்லப்பட்டார் எனத் தென்கொரிய நாளேடொன்று எழுதியது. உலகப் பத்திரிகைகள் அதைப் பிரதிபண்ணின. 2014இல் அவர் தொலைக்காட்சியிலே தோன்றினார். 2018இல், குளிர்கால ஒலிம்பிக் விழாவையொட்டித் தமது இசைக்குழுவுக்குத் தலைமை தாங்கித் தென்கொரியாவுக்கே சென்றார். 2013 டிசம்பரிலே, அன்றைய தலைவர் கிம் ஜொங் உன்னின் மாமனாகிய ஜாங் சொங் தேக் கொல்லப்பட்டார். இது மெய், அரசே அறிவித்தது. ஆனால் அவர் பசித்த நாய்களுக்கு இரையாக்கப்பட்டார் என்ற கதை, சீனாவிலே ஒருவர் நையாண்டியாக எழுதியதிலிருந்து பிறந்தது. அதை உண்மையென அச்சிட்ட பத்திரிகைகள் பல. 2020 ஏப்ரலிலே கிம் ஜொங் உன்னும் இறந்துவிட்டார், இறந்துகொண்டிருக்கிறார் என்றெல்லாம் எழுதினார்கள். மே மாதத் தொடக்கத்தில் அவர் ஓர் உர ஆலையைத் திறந்துவைக்கும் படம் வெளிவந்தது.

இத்தகைய செய்திகள் ஏன் பிறக்கின்றன? மறுப்பதற்கு ஆளில்லாத செய்தியே விலை குறைந்த செய்தி. வேறொரு நாட்டைப் பற்றிப் பொய் எழுதினால் மறுநாள் மறுப்பு வரும், வழக்கும் வரலாம். பூட்டிய நாட்டைப் பற்றி எழுதினால் ஒன்றும் வராது. சந்தைக்கு வேண்டிய விநோதமும் அரசியலுக்கு வேண்டிய பகையுணர்ச்சியும் ஒரே பண்டத்திலே கிடைக்கின்றன. அந்நாட்டு மக்கள் இக்கதைகளிலே மனிதராக வருவதில்லை. அணிவகுத்துச் செல்லும் பொம்மைகளாகவும், கட்டளைக்கு அழும் கூட்டமாகவுமே வருகின்றனர். இரண்டரைக் கோடி மக்களை இவ்வாறு வேடிக்கைப் பொருளாக்குவது ஏகாதிபத்திய மனப்பான்மையன்றி வேறென்ன?

இவ்வளவும் கூறுவது எளிது. நம்மவர் பலர் இவ்வளவுடன் நின்றும் விடுகின்றனர். அவர்களுடைய தருக்கம் இதுதான்: பூர்ஷ்வாப் பத்திரிகை வடகொரியாவைத் தூற்றுகிறது; பூர்ஷ்வாப் பத்திரிகை பொய் சொல்வது; ஆகவே வடகொரியாவிலே தூற்றத்தக்கது எதுவுமில்லை. தருக்கவியல் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இம்முடிவுக்குப் புள்ளி வழங்கமாட்டார். ஆயினும் அரசியற் கூட்டங்களிலே இதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. பொய்யன் ஒருவன் அயல்வீடு எரிகிறதென்று கூவினால், அவன் பொய்யன் என்பதற்காக நாம் அயல்வீட்டை எட்டிப் பாராமலே இருப்பதா?

நம் பக்கத்துச் சாட்சிகளின் வரலாற்றையும் சற்றே நோக்குவோம். கேம்பிரிட்ஜின் பெரும் பொருளியலறிஞர் ஜோன் றொபின்சன் அம்மையாரை நம்மவர் நன்கறிவர். 1950களின் இறுதியிலே நம் நாட்டின் தேசியத் திட்டச் சபைக்கு ஆலோசனை கூறிய அறிஞருள் அவரும் ஒருவர். 1964இல் அவர் வடகொரியாவுக்குச் சென்று வந்தார். 1965இல் 'மந்த்லி றிவியூ' என்னும் இடதுசாரிச் சஞ்சிகையிலே 'கொரிய அற்புதம்' என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். போருக்குப் பிந்திய உலகின் பொருளாதார அற்புதங்கள் யாவும் இதன் முன் மங்கிப்போகும் என்பது அவருடைய முடிவு.

அவர் பொய் சொன்னாரா? இல்லை. 1950 முதல் 1953 வரை நடந்த போரிலே அமெரிக்க விமானங்கள் கொரியாமீது 635,000 தொன் குண்டுகளையும், அதற்கு மேலாக 32,000 தொன்னுக்கு அதிகமான நேபாம் எரிகுண்டுகளையும் கொட்டின. பியொங்யாங் நகரம் ஏறத்தாழத் தரைமட்டமாயிற்று. அந்தச் சாம்பலிலிருந்து பத்தாண்டுகளுக்குள் ஆலைகளும் பாடசாலைகளும் வீடுகளும் எழுந்தன. அக்காலத்திலே கைத்தொழிலில் வடக்கு தெற்கை முந்தியிருந்ததை எதிரிகளும் மறுப்பதில்லை. அம்மையார் கண்டது மெய். காட்டப்பட்டதை மட்டுமே கண்டார் என்பதே குறை. அவர் ஆலைகளைக் கண்ட அதே ஆண்டுகளில், குடிமக்கள் யாவரும் அவர்தம் குடும்பப் பூர்வீகத்தின்படி விசுவாசிகள், ஊசலாடுவோர், பகைவர் என வகுக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். பாட்டன் நிலவுடைமையாளனாகவோ யப்பானியரின் கீழ்ப் பணி செய்தவனாகவோ இருந்தால், பேரனுக்குப் பல்கலைக்கழகமும் நல்ல தொழிலும் தலைநகரில் வாழும் உரிமையும் எட்டாக்கனியாயின. பிறப்பினால் மனிதனைத் தாழ்த்துவதற்கு நம்மூரிலே ஒரு பெயருண்டு. அதை எதிர்த்துக் கோயில் வாசலிலும் தேநீர்க் கடை வாசலிலும் அடிவாங்கியோரின் வழிவந்த நாம், வேறொரு நாட்டிலே அது செங்கொடியின் கீழ் நடந்தால் வேறு பெயரிட்டு அழைக்கலாமா?

விருந்தினராய்ப் போய் வந்தவர் அவர். உள்ளே இருந்து பணியாற்றிய ஒருவரின் கதையையும் கேட்போம். அலி லமேடா என்பவர் வெனிசுவேலாவின் கவிஞர். அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். 1966இல் வடகொரிய அரசின் அழைப்பை ஏற்றுப் பியொங்யாங் சென்று, கிம் இல் சுங்கின் எழுத்துக்களை ஸ்பானிய மொழியிலே பெயர்க்கும் வேலையை மேற்கொண்டார். பிரசாரத்திலே மிகைக் கூற்றுக்கள் மலிந்துள்ளன, வெளிநாட்டு வாசகர் இவற்றை நம்பமாட்டார் என்று அவர் கருதினார். அதைச் சொல்லவுஞ் செய்தார். 1967இல் கைது செய்யப்பட்டார். ஓராண்டு விசாரணையின்றி அடைக்கப்பட்டார். சிறிது காலம் வீட்டுக்கு விடப்பட்டு, மீண்டும் பிடிக்கப்பட்டார். ஒற்றர் என்றும் நாசகாரர் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டு, இருபதாண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டார். பசியும் குளிரும் நோயும் சூழ்ந்த சிறையிலே, எழுதக் காகிதமின்றி, கவிதைகளை மனத்திலேயே கட்டிக் காத்தார். 1974இல் வெனிசுவேலா அரசினதும் ருமேனியத் தலைவரினதும் தலையீட்டினால் விடுதலையானார். 1979இல் சர்வதேச மன்னிப்புச் சபை அவருடைய வாக்குமூலத்தை வெளியிட்டது.

லமேடா ஏகாதிபத்தியத்தின் கையாளல்லர், கூலிக்கு எழுதியவருமல்லர். நம்முடைய தோழர், எழுத்தாளர். 'வடகொரியாவைப் பற்றி எதிரிகளே பேசுகின்றனர்' என்று கூறுவோரை நாம் கேட்கிறோம்: இந்தத் தோழரை எந்தப் பட்டியலிலே சேர்ப்பீர்கள்? அவருடைய வாக்குமூலத்தை நம்முள் எத்தனை பேர் தேடிப் படித்திருக்கிறோம்?

நட்பு நாடுகளாவது அறியாமலிருந்தனவா? அதுவும் இல்லை. 1956 ஓகஸ்டிலே கொரியத் தொழிலாளர் கட்சியின் மத்திய குழுக் கூட்டத்தில், தலைவர் வழிபாட்டையும் பொருளாதாரக் கொள்கையையும் சில தலைவர்கள் கண்டித்தனர். அவர்கள் உடனே பதவியிழந்தனர். சிலர் சீனாவுக்குத் தப்பியோடினர். செப்டெம்பரிலே சோவியத் யூனியனிலிருந்து மிக்கோயனும் சீனாவிலிருந்து பெங் தெகுவாயும் பியொங்யாங் வந்து, அவர்களை மீண்டும் ஏற்கச் செய்தனர். அவ்வேற்பாடு நீடிக்கவில்லை, பின்வந்த ஆண்டுகளில் மாற்றுக் கருத்தினர் களையெடுக்கப்பட்டனர். சோவியத் யூனியனிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்ட பின்னர் இவையெல்லாம் வெளிவந்தன. தூதரக அறிக்கைகளிலே அவர்கள் மறைவாக எழுதியது ஒன்று; விருந்து மேடையிலே பேசியதும் கட்சிப் பத்திரிகைகளிலே அச்சிட்டதும் வேறொன்று. உலகெங்குமிருந்த சாதாரணக் கட்சித் தொண்டனுக்கு இரண்டாவது மட்டுமே வழங்கப்பட்டது. அவனை ஏமாற்றியவர் எவர்? வணிகப் பத்திரிகையா?

'போர் முடியவில்லை, 1953இல் கைச்சாத்தானது போர்நிறுத்தமேயன்றிச் சமாதானமன்று, முற்றுகையிடப்பட்ட நாடு கதவைப் பூட்டாமல் என்ன செய்யும்?' என்று கேட்பாருமுளர். இவ்வினாவிலே நியாயம் உண்டு. அமெரிக்கக் குண்டுகளையும் பொருளாதாரத் தடைகளையும் மறந்துவிட்டு அந்நாட்டைப் பற்றிப் பேசுபவன் பாதி வரலாற்றையே பேசுகிறான். தென்கொரியாவும் 1961 முதல் 1987 வரை பெரும்பாலும் இராணுவத்தின் பிடியிலேயே இருந்தது. 1980இல் குவாங்ஜு நகரிலே அதன் படை சொந்த மக்களையே சுட்டது. ஆனால் படையின் இரகசியத்தைக் காக்கும் பூட்டு வேறு. குழந்தையின் பசியை மறைக்கும் பூட்டு வேறு. கிம் ஜொங் உன் சிறுவனாக இருந்தபோது சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே கல்வி கற்றார். 2020 டிசம்பரிலே நிறைவேற்றப்பட்ட சட்டம், தென்கொரியத் திரைப்படத்தைப் பார்க்கும் சாதாரணக் குடிமகனைக் கடுந்தண்டனைக்கு உள்ளாக்குகிறது. ஒரே நாடு, கதவு மட்டும் இரண்டு. இரகசியம் இங்கே நாட்டின் உடைமையாக இல்லை. ஆளுங் கூட்டத்தின் உடைமையாக இருக்கிறது. வர்க்க ஆய்வு தெரிந்தவர்கள் என்று பெருமைப்படும் நாம் இதைக் காணத் தவறியது எங்ஙனம்?

அவ்வாறாயின் அந்நாட்டைப் பற்றி எதையும் அறிய முடியாதா? முடியும். பரபரப்பான செய்தியால் அன்று, பொறுமையான வேலையால். சோவியத் வர்த்தகம் சிதைந்த பின்னர், 1995இன் வெள்ளத்தோடு பெரும் பஞ்சம் வந்தது. மாண்டோர் தொகை இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு என்பார் முதல் முப்பத்தைந்து இலட்சம் என்பார் வரை பலர் பலவாறு கணித்தனர். குடித்தொகைக் கணக்கெடுப்புக்களை ஒப்புநோக்கிய ஆய்வாளர்கள் முப்பது இலட்சத்தை ஏற்கவில்லை. சில இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை என்றே மதிப்பிட்டனர். தொகை குறைந்தது என்பதற்காகப் பஞ்சம் இல்லாததாகிவிடாது. 1998இல் ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனங்களும் ஐரோப்பிய ஒன்றியமும் நடத்திய அளவையிலே, குழந்தைகளுள் 62 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். அதே ஆண்டு, பட்டினியால் மிகவும் வாடியோரை நேரே அடைய விடவில்லை எனக் கூறி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்நாட்டைவிட்டு வெளியேறியது. 2017இல் மீண்டும் அளந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் குன்றியோர் 19 சதவீதம். முன்னைய எண்ணை மறைப்பவன் அரசின் ஏவலாள். பின்னைய எண்ணை மறைப்பவன் எதிரியின் ஏவலாள். நேர்மையுள்ளவன் இரண்டையுஞ் சொல்லுவான்.

அகதிகளின் வாக்குமூலங்களும் இவ்வாறே ஆராயப்படவேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பேரவை, அவுஸ்திரேலிய நீதியரசர் மைக்கல் கேர்பி தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை 2013இல் நியமித்தது. குழுவுக்கு நாட்டின் கதவு திறக்கப்படவில்லை. 80க்கு மேற்பட்டோர் பகிரங்கமாகச் சாட்சியமளித்தனர். 240க்கு மேற்பட்டோர் இரகசியமாக அளித்தனர். நான்கு பெரும் முகாம்களிலே 80,000 முதல் 120,000 வரையான அரசியற் கைதிகள் இருப்பதாக 2014 பெப்ரவரியில் வெளிவந்த அறிக்கை மதிப்பிட்டது. 2015இல், பெயர்பெற்ற சாட்சி ஒருவர் தமது கதையின் சில பகுதிகள் பிழையானவை என ஒப்புக்கொண்டார். உடனே வடகொரிய அரசு, அறிக்கை முழுவதுமே பொய் என்றது. நம்மவர் சிலரும் அதைக் கிளிப்பிள்ளைபோற் சொன்னார்கள். ஒருவர் பிறழ்ந்ததனால் முந்நூறு பேரும் பிறழ்ந்தவராகிவிடுவரா? முகாம்களே இல்லையெனில், குழுவை உள்ளே அழைத்து வெற்றிடத்தைக் காட்டுவதைவிட எளிய மறுப்பு வேறேது?

2020 ஜனவரியிலே கொள்ளைநோயைக் காரணமாகக் கூறி அந்நாடு எல்லைகளை மூடியது. 2021 மார்ச்சுக்குள் ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டு அலுவலர் அனைவரும் வெளியேறிவிட்டனர். உள்ளேயிருந்து கண்ட சில சுயாதீனமான கண்களும் இல்லாத அந்த ஆண்டுகளிலே, கட்டுக்கதைக்கும் துதிபாடலுக்கும் சந்தை பெரிதாயிற்று.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! இத்தகைய நாடொன்றைப் பற்றிய செய்தி உங்கள் கைக்கு வரும்போது, அது நமக்கு உவப்பானதாயினும் கசப்பானதாயினும், ஒரே விதமாக வினவுங்கள். கண்டவர் எவர்? அவருக்குக் காட்டியவர் எவர்? அவருடன் தனியே பேச எவருக்கு அனுமதியிருந்தது? மறுப்பதற்கு எவருக்கு உரிமையிருந்தது? இவ்வினாக்களை எதிரியின் பத்திரிகைக்கு மட்டும் தொடுத்து, நம் பக்கத்துப் பயணக் கட்டுரைகளுக்கு விலக்களித்தமையாலேயே ஒரு தலைமுறை ஏமாந்தது. பியொங்யாங் சென்று வந்து ஆலைகளையும் விழாக்களையும் வருணித்த கட்டுரைகள் நம் நூல்நிலையங்களிலே இன்னும் இருக்கின்றன. அவற்றை எரிக்கவேண்டியதில்லை, பக்கத்திலே லமேடாவின் வாக்குமூலத்தையும் வையுங்கள். மாணவர் இரண்டையும் படிக்கட்டும்.