பளபளப்பா, பலமா?

ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970-ல் தொடங்கியது. பாரம் சுமக்கும் சக்கரத்தின் அருமை இந்த ஊருக்குத் தெரியும். ஆனால் வேகக் கார் வாங்குவோர் அதை மறந்துவிடுகிறார்கள்.

18 அங்குல அலாய் வீல், அதில் 225/40 டயர்! அதன் பக்கச் சுவர் 90 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்மில் இறங்குகிறது. விளிம்பு வளைகிறது, சில சமயம் விரிசலும் விடுகிறது.

"பெண்டு எடுத்தா போதும்ணே" என்பார்கள். போதாது! சூடேற்றி அடித்தால் அலாயின் பலம் குறையும். விரிசலைப் பற்றவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

வழி இருக்கிறது. 16 அங்குல வீலில் 205/55 டயர் போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். பக்கச் சுவரோ 113 மில்லிமீட்டர். இரும்பு ரிம் கனம்தான். ஆனால் பெரும்பாலும் உடையாமல் வளையும், விலையும் குறைவு. அலாய்தான் வேண்டுமா? வார்ப்பைவிட ஃபோர்ஜிங் செய்தது உறுதி. எதுவானாலும் பிரேக்கில் இடிக்கிறதா, போல்ட் துளை பொருந்துகிறதா, காரின் எடையைத் தாங்குமா என்று பார்த்தே மாட்டவேண்டும்.

பள்ளத்தை மூடுவது அதிகாரிகள் கடமை. அதைத் தட்டிக்கேட்கத்தான் வேண்டும். அதுவரை, ஊர் மெச்சும் சக்கரத்தைவிட வீடு கொண்டு சேர்க்கும் சக்கரமே மேல்!