காலி அட்டைப்பெட்டியும் கடையின் பெயரும்



ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் ஏற்காட்டுக் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "அண்ணாச்சி, காலி அட்டைப்பெட்டி இருக்குங்களா?" கேட்பவர் மாற்றலாகிப் போகும் ஆசிரியராக இருப்பார், தோட்டக்கலை ஆராய்ச்சி நிலைய ஊழியராக இருப்பார், ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பும் எஸ்டேட் குமாஸ்தாவாக இருப்பார். வீடு மாற்றுகிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது மளிகைக் கடைதான்.

நாம் என்ன செய்கிறோம்? சிலர் "இல்லை" என்று சொல்லிவிட்டு, மாலையில் அதே பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுகிறோம். சிலர் ஆள் அவசரத்தில் இருப்பது தெரிந்து வாய்க்கு வந்த விலை சொல்கிறோம். இரண்டும் நமக்கே கேடு என்பது நம் கருத்து.

ஊரை விட்டுப் போகும் வாடிக்கையாளர் இனி நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பெயர் நம் பற்று நோட்டில் இருப்பதை மறந்துவிடக் கூடாது. பெட்டி கேட்டு வந்தவரை விரட்டிவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு பாக்கியைக் கேட்பது? தவிர, அவர் காலி செய்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வரும். எந்தக் கடையில் பற்று வைக்கலாம் என்று போகிறவரிடமும் அக்கம்பக்கத்திலும்தான் அவர்கள் விசாரிப்பார்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பற்று வரவு வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பழைய பெட்டியை இலவசமாகக் கொடுங்கள். சணல் கயிறு, டேப், கோணி ஊசி, புதிய அட்டைப்பெட்டி ஆகியவற்றை நியாய விலைக்கு விற்பனை செய்யுங்கள். புதிய பெட்டிகள் தட்டையாக மடிந்து வருவதால் அதிக இடம் அடைக்காது. அட்டைப்பெட்டிக்கான ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மளிகைச் சரக்கு ஏறும் வண்டியிலேயே ஒரு கட்டு ஏற்றிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் "மலைக்கு ஏற்றுக்கூலி" என்று ஒரு ரூபாய் கூட்டினாலும் அது சட்ட அளவியல் விதிப்படி குற்றமாகும். ஏற்றுக்கூலி நம் கொள்முதல் கணக்கில் சேர வேண்டியது. வாங்குபவர் தலையில் கட்ட வேண்டியது அல்ல.

கொடுப்பதையும் அறிந்து கொடுக்க வேண்டும். ஒரு ஐப்பசி மாதம், தரையில் கிடந்த பெட்டிகளை நாம் ஒரு வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுத்தோம். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. மலைப் பனியில் ஈரம் ஏறியிருந்ததைக் கவனிக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போதே ஒரு பெட்டியின் அடி பிரிந்து பீங்கான் தட்டுகள் நொறுங்கின. அந்த அம்மாள் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அன்று முதல் காலிப் பெட்டிகளைப் பலகை மேல்தான் அடுக்குகிறோம்.

ஈரம் ஏறிய அட்டை பாரம் தாங்காது. அதில் டேப்பும் ஒட்டாது. மூன்றடுக்கு அட்டை துணிமணிக்குப் போதும். பாத்திரத்துக்கு ஐந்தடுக்கு வேண்டும். புத்தகத்தைச் சிறிய பெட்டியில்தான் போட வேண்டும். பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்க முடியாது. சேலம் இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குட்டி யானை வண்டி ஒவ்வொரு வளைவிலும் சாயும்போது உள்ளே இருப்பது உருளும். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி, இடைவெளியில் பழைய செய்தித்தாளும் துணியும் திணிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால் அவற்றைக் கொடுக்க வழியில்லை. பினாயில், பூச்சிமருந்து வந்த பெட்டியையும் உரம் வந்த சாக்கையும் அரிசி, பருப்பு கட்டுவதற்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கலாகாது.

இன்று வீட்டுச் சாமானைக் கட்டி ஏற்றி இறக்கிக் கொடுக்க நகரத்து நிறுவனங்கள் மலைக்கே வருகின்றன. பெட்டியும் டேப்பும் கைப்பேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அவர்களோடு விலையில் போட்டியிடுவது நமக்குக் கடினம். ஆனால் எந்த வீட்டில் முதியவர் இருக்கிறார், யாருக்கு எத்தனை பெட்டி தேவைப்படும் என்பது நமக்குத்தான் தெரியும். அந்தப் பழக்கமே நம் முதல். அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

அடுத்த முறை அந்தக் கேள்வி எழும்போது "எத்தனை வேண்டும், என்ன கட்டப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கணக்கையும் சிரித்த முகத்தோடு முடித்து அனுப்புங்கள்.